பாலைவனத்துக்கு ஒரு பரிகாரம்

டிசம்பர் 3, செவ்வாய்

இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு சதி நடந்திருக்கிறது.

காலையில் பெங்களூரிலிருந்து மகள் பவானி போன் செய்தாள். "அப்பா, உங்களுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டாச்சு. ஜனவரி இருபத்திரண்டு. கொச்சியில ஏறி மஸ்கட். நாலே நாள்தான். அதுல ஒரு நாள் பாலைவனத்துல கூடாரம் போட்டுத் தங்கறீங்க" என்றாள். நான் பேச வாயெடுப்பதற்குள், ஆபீசில் மீட்டிங் என்று வைத்துவிட்டாள். சமையலறையிலிருந்து என் மனைவி வசந்தாமணி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை. தேங்காய் துருவியபடியே, "அப்டீங்களா" என்றாள். அந்த "அப்டீங்களா"வில் ஆறு மாதத்துத் திட்டம் தெரிந்தது.

முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சகாரா, அரேபியா, தார், கோபி எல்லாவற்றையும் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். "ஆனா அவரு நேர்ல பாத்தது சென்னிமலை ரோட்டுல வீடு கட்டக் கொட்டி வெச்சிருக்கற எம்-சாண்ட் மட்டுந்தான்" என்று இவள் ஈரோடு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். எம்-சாண்ட் மணலே அல்ல, கல்லை உடைத்து அரைத்த தூள். அது கூடத் தெரியாதவளுக்குப் பாலைவனம் ஒரு கேடா?

இன்னொன்றையும் தெளிவாக எழுதி வைக்கிறேன். எனக்கு விமானம் என்றால் பயமெல்லாம் இல்லை. பிடிக்காது, அவ்வளவுதான். பாகற்காய் பிடிக்காதவனைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்வதில்லையே.

டிசம்பர் 5, வியாழன்

இன்று நியாயமாகப் பேசிப் பார்த்தேன். முட்டி வலி என்றேன். "ஒட்டகம் இருக்குதுங்க" என்றாள். சாப்பாடு ஒத்துக்காது என்றேன். "புளிச்சோறு கட்டிக்கறேன்" என்றாள். இங்கேயே தெற்கே தேரிக்காட்டில் செம்மணல் மேடு மேடாக இருக்கிறது, காரில் போய்விட்டு வரலாம் என்றேன். அவள் கீரைக்கட்டை எடுத்து ஆய ஆரம்பித்தாள்.

ஆய்ந்தபடியே சொன்னாள். "கல்யாணம் ஆன புதுசுல உங்களுக்கு சோறு கொண்டுக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு வருவேன்ல? பெல் அடிக்கற வரைக்கும் ஜன்னலுக்கு வெளிய நின்னுட்டிருப்பேன். ஒரு நாளு, மணல் நடக்கும்னு சொல்லிக் குடுத்தீங்க. காத்தடிச்சா குன்றே எடம் மாறும்னு. பசங்க எவனும் கேக்கல. நான் கேட்டேன். அன்னைக்கிருந்தே ஒருக்கா பாத்துப்போடோணும்னு இருக்குதுங்க."

எனக்கு என்னமோ போல ஆகிவிட்டது. ஆனால் நான் கொள்கையில் உறுதியானவன். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

வசந்தா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் என் பாஸ்போர்ட்டை ஒரு பாதுகாப்பான இடத்தில் வைத்துவிட்டேன். ஸ்டூல் மேல் ஏறிக் கையை மட்டும் நீட்டினால் சமையலறைப் பரணான அட்டாலியின் ஓரம் எட்டும். அங்கே பெரிய பழைய இட்லிப் பானை ஒன்று இருக்கிறது. மூடியும் போட்டாயிற்று. பாதுகாப்பு முக்கியம்.

டிசம்பர் 10, செவ்வாய்

பாஸ்போர்ட்டை யாரும் தேடவில்லை. இது எனக்கு நல்லதாகப் படவில்லை.

டிசம்பர் 11, புதன்

விசா வந்துவிட்டதாம். போன வருடமே பாஸ்போர்ட்டைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள் மகள். பெற்ற பிள்ளையே இப்படியென்றால் யாரிடம் போய் முறையிடுவது?

டிசம்பர் 12, வியாழன்

சென்னியப்பனை பேக்கரிக்கு அழைத்துப்போய்த் தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு ஜாதகம் பார்க்கிறான். கட்டம் மட்டும் அழகாகப் போடுவான். வசந்தாவுக்கு அவன் வாக்கு என்றால் வேதம். பவானியின் கல்யாணத்துக்கே அவன்தான் நாள் குறித்தான்.

"மாப்ள, ஒரு சின்ன உதவி. ஞாயித்துக்கெழம சும்மா வர்ற மாதிரி வீட்டுக்கு வா. என் ஜாதகத்தப் பாரு. இந்த வருசம் கடல் தாண்டக் கூடாதுன்னு சொல்லிப்போடு" என்றேன்.

சென்னியப்பன் பன்னைப் பாதியில் நிறுத்தினான். "பயமாடா, நாச்சிமுத்து?"

"பயமா? எனக்கா? டேய், விலைவாசி என்ன, வெயில் என்ன..."

"செரி செரி, உடு. இன்னொரு பன் சொல்லு" என்றான்.

டிசம்பர் 15, ஞாயிறு

சென்னியப்பன் வந்தான். நன்றாகவே நடித்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். கட்டத்தைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், பெருமூச்சு விட்டான், வசந்தாவிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டான்.

"அம்மிணி, இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நாச்சிமுத்துக்கு மேற்கே கண்டம். ஆகாச தோஷம் வேற. கடல் தாண்டவே கூடாது."

நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். சிரிப்பை அடக்க அதுதான் வசதி. வசந்தா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அட கெரகமே!" என்றாள். கண்ணும் கலங்கின மாதிரி இருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வென்றாயிற்று.

அப்புறம் அவள் கேட்டாள். "ஏனுங்ண்ணா, கண்டம் அவருக்குத்தானுங்களே? எனக்கு?"

சென்னியப்பன் என்னைப் பார்த்தான். இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. "உனக்கா... உனக்கு யோகம்தான் அம்மிணி" என்று உளறி வைத்தான் மடையன்.

"அப்பறம் என்னுங்க? அவரு வீட்டுல பத்திரமா இருக்கட்டும். நான் நம்ம ருக்குமணி அண்ணியக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வர்றேன்" என்றாள். ருக்குமணி, சென்னியப்பனின் மனைவி. தினமும் காலையில் வ.உ.சி. பூங்காவில் இவளோடு நடப்பவள்.

தேங்காய் பன் இரண்டும் தண்டம்.

டிசம்பர் 18, புதன்

இரண்டு பேரும் கூலிங் கிளாஸ் வாங்கி வந்திருக்கிறார்கள். சமையலறையில் அதை மாட்டிக்கொண்டுதான் ரசம் வைத்தாள். உப்பு அதிகம்.

டிசம்பர் 20, வெள்ளி

கடைவீதியில் என் பழைய மாணவன் பொன்னுசாமியைப் பார்த்தேன். இப்போது ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். கடைக்குள் கூட்டிப்போய் நாற்காலி போட்டான். "சார், பாலைவனம் போறீங்களாமே! எங்க பேட்ச் வாட்சாப்ல எல்லாம் அதே பேச்சுங்க. சார் மணலப் பத்தி சொன்னா நம்ம பல்லுல நறநறன்னு இருக்கும்னு சிவசாமி போட்டிருந்தான்."

நான் போகவில்லை, மேற்கே கண்டம் என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப அம்மா மட்டும் போறாங்களா சார்?" என்று கேட்டான். அந்த "மட்டும்" வீடு வரைக்கும் என் கூடவே வந்தது. அவன் கொடுத்த துண்டை வசந்தா பிரித்துப் பார்த்து, "மணலுக்கு நல்லாருக்கும்" என்று எடுத்து அவள் பையில் வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 24, செவ்வாய்

ருக்குமணி வந்திருந்தாள். சமையலறையில் பேச்சு. நான் ஒட்டுக் கேட்கவில்லை. பேப்பர் படிக்க அங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது.

"மணல் நடக்குமாமா அண்ணி, எப்படின்னு தெரியுங்களா?" என்கிறாள் என் மனைவி.

"காலு மொளச்சிருக்கும் போல" என்கிறாள் ருக்குமணி. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "காத்து வர்ற பக்கம் சரிவு லேசா இருக்கும். அதுல மணல் தவழ்ந்து மேல ஏறும். உச்சிக்குப் போனதும் அந்தப் பக்கம் சரிஞ்சு விழும். இப்படியே ஏறி ஏறி விழுந்து விழுந்து மொத்தக் குன்றும் முன்னால நகரும்!" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்.  ருக்குமணி எட்டிப் பார்த்து, "அங்க போனா இப்படிச் சொல்ல ஆளில்லையே, என்ன பண்ணறது" என்றாள். 

பெண்கள் தனியாக அயல்நாடு போவது அவ்வளவு உசிதமல்ல என்று எனக்கு இன்று தோன்றியது. காரணம் அது மட்டும்தான்.

டிசம்பர் 26, வியாழன்

சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன். "சொன்னதத் திருப்பி எடுத்துக்கடா" என்றேன்.

"வாக்கு என்ன கடைச் சாமானா, திருப்பிக் குடுக்கறதுக்கு? நாளைக்கு நான் சொல்றது எவன் நம்புவான்? வேணும்னா பரிகாரம் பாக்கலாம். யோசிச்சுச் சொல்றேன். நாளைக்கு வா" என்றான். ஒரு பொய்க்குப் பரிகாரம் என்னடா என்று கேட்டேன். "பொய்யோ நெசமோ, சொன்னது சொன்னதுதான்" என்கிறான். இவனுக்குப் பன் வாங்கிக் கொடுத்த என்னைச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 27, வெள்ளி

பரிகாரம் சொல்லிவிட்டான். பஞ்சாங்கத்தைத் திறக்கவில்லை. போனைப் பார்த்துப் பார்த்துப் படித்தான். இப்போதெல்லாம் எல்லாம் போனிலேயே வருகிறது போலிருக்கிறது.

ஆகாச தோஷம் என்பதால் எல்லாம் உயரத்தில்தான் செய்ய வேண்டுமாம். தினமும் காலையில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் நின்று சூரியனைக் கும்பிட வேண்டும். அட்டாலியில் ஏறி மொத்தத்தையும் சுத்தம் செய்ய வேண்டும், ஏனென்றால் மேலே சேர்ந்த குப்பை தோஷத்தைப் பிடித்து வைக்கும். கடைசியாகப் பொங்கல் பொருட்காட்சியில் மனைவியோடு ராட்டினத்தில் ஏறிச் சுற்ற வேண்டும்.

"ராட்டினமா? எந்த சாஸ்திரத்துலடா ராட்டினம் இருக்குது?"

"சாஸ்திரத்துல ஊஞ்சல்னு இருக்குது. பெரிய தோஷத்துக்குப் பெரிய ஊஞ்சல்" என்றான். காபி கொண்டுவந்த ருக்குமணி டம்ளரை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவளுக்கு இருமல் போல.

ராட்டினத்தைப் பற்றி ஒரு விளக்கம் எழுதி வைப்பது நல்லது. கல்யாணம் ஆன வருடம் வசந்தாவும் நானும் பொருட்காட்சிக்குப் போனோம். ராட்டினம் உச்சிக்குப் போனபோது மோட்டாரில் ஏதோ கோளாறு என்று எனக்குப் பட்டது. பொது நலன் கருதி, நிறுத்தச் சொல்லிக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். இறக்கிவிட்டார்கள். நடந்தது அவ்வளவுதான். இது எனக்கும் வசந்தாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம், சென்னியப்பனுக்குத் தெரிய வழியே இல்லை. ஆகவே இந்தப் பரிகாரத்தில் ஏதோ உண்மை இருக்கத்தான் வேண்டும்.

ஜனவரி 1, புதன்

புது வருடம். தொட்டி ஏணியில் நாலு படி ஏறினேன். அங்கேயே சூரியன் நன்றாகத் தெரிந்ததால் அங்கேயே கும்பிட்டேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வசந்தா, "அண்ணன் உச்சியிலன்னுதானுங்களே சொன்னாரு?" என்றாள்.

சூரியன் ஒன்றுதான், எங்கிருந்து கும்பிட்டால் என்ன? ஒரு கையால் ஏணியைக் கட்டிப் பிடித்திருந்தது குளிரால். மார்கழி அல்லவா.

ஜனவரி 4, சனி

ஏழு படி. பக்கத்து வீட்டுக்காரர், "என்னங் சார், கேபிள் வரலீங்களா?" என்று கேட்டார்.

ஜனவரி 7, செவ்வாய்

உச்சி! முதலில் தவழ்ந்துதான் ஏறினேன், அப்புறம் உட்கார்ந்தேன், அப்புறம் நின்றேன். தென்னந்தோப்பும் அதற்கு அப்பால் காவிரிக் கரையின் பச்சையும் தெரிந்தன. இருபது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், இங்கிருந்து ஆற்றங்கரை தெரியும் என்று எனக்குத் தெரியாது. புவியியல் ஆசிரியன்!

"வசந்தா, மேல வந்து பாரு!" என்றேன்.

"எனக்குத் தோஷம் இல்லீங்க" என்று ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி 10, வெள்ளி

அட்டாலி. கல்யாணத்துக்கு வந்த பித்தளைப் பாத்திரங்கள், உடைந்த மேசை விசிறி, என் பழைய உலக உருண்டை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தேன். இதைச் சுத்தம் செய்யச் சொல்லி இவள் எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது இந்தப் பரிகாரத்தோடு சம்பந்தமில்லாத விஷயம்.

இட்லிப் பானையைக் கடைசியாக இறக்கினேன். நான் தடுப்பதற்குள் மூடியைத் திறந்துவிட்டாள்.

"ஏனுங்க, உங்க பாஸ்போர்ட்டு! இதுக்குள்ள எப்படிங்க போச்சு?"

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றேன்.

அவள் பானையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "மூடியத் தெறந்து, உள்ள வெச்சு, திருப்பியும் மூடியிருக்குது பாருங்க. நல்ல எலிங்க" என்றாள். பாஸ்போர்ட்டை முந்தானையால் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஜனவரி 17, வெள்ளி

பொருட்காட்சி. டெல்லி அப்பளம் தின்றோம். அப்புறம் ராட்டினம்.

பெட்டிக்குள் உட்கார்ந்ததும் கம்பி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். பொது நலன் கருதித்தான். மெல்ல மேலே போனது. உச்சிக்குப் போனதும் கீழே ஆள் ஏற்ற நிறுத்திவிட்டான். பெட்டி அந்தரத்தில் ஆடியது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். வசந்தாவின் பத்து விரலும் அதில் பதிந்திருந்தன. கண்ணை இறுக்க மூடியிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"ஏ வசந்தா, என்ன பண்ணற?"

"சாமி கும்பிடறேனுங்க" என்றாள். 

அவளுக்கும் பயம்! முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு உயரம் என்றால் இத்தனை பயம் என்று எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. கல்யாணம் ஆன வருடம் நான் சத்தம் போட்டு ராட்டினத்தை நிறுத்தியபோது என்னைக் கேலி செய்து சிரித்தாள். ஆனால் முதலில் இறங்கி ஓடினது இவள்தான் என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது.  இத்தனை பயத்தை வைத்துக்கொண்டா இவள் விமானம் ஏறக் கிளம்பினாள்?

"பயப்படாத. நான் சொல்றேன், நீ கண்ண மூடிட்டே கேளு" என்றேன். அந்தப் பக்கம் ரயில் ஸ்டேஷன், ஒரு வண்டி வருகிறது, பெட்டியெல்லாம் விளக்கு. அதோ பெரிய மாரியம்மன் கோயில் கோபுரம். அங்கே இருட்டாக ஒரு கோடு, அதுதான் காவிரி. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ராட்டினம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எனக்குத் தெரியாது. இறங்கச் சொன்னபோது நான் காவிரியைத் தாண்டும் பள்ளிபாளையம் பாலம் வரை சொல்லி வந்திருந்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பவானிக்குப் போன் செய்தேன். பரிகாரம் முடிந்துவிட்டது, ருக்குமணி பேரில் போட்ட டிக்கெட்டை என் பேருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"ருக்குமணி அத்தை பேர்லயா? உங்க டிக்கெட்ட நான் ரத்தே பண்ணலியேப்பா..." என்றாள். பிறகு திடீரென்று, "அச்சச்சோ, மீட்டிங்" என்று வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்?

அதை நான் மேற்கொண்டு யோசிக்கப் போவதில்லை. மூட்டை கட்டும் வேலை நிறைய இருக்கிறது. துண்டு என் பைக்குத் திரும்பி வந்துவிட்டது.

ஜனவரி 22, புதன்

பறந்தேன். ஜன்னல் ஓரம் நான். மேகம், அரபிக் கடல், ஒரு கப்பல் எல்லாவற்றையும் வசந்தா கண்ணை மூடிக்கொண்டே பார்த்தாள். என் கையில் நகக்குறி இருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

பாலைவனக் கூடாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மஸ்கட்டிலிருந்து ஜீப்பில் வந்தோம். நான் முப்பத்திரண்டு வருடம் பாலைவனம் அமைதியானது என்று சொல்லிக் கொடுத்தேன். பக்கத்துக் கூடாரத்தில் திருப்பூரிலிருந்து வந்த ஒரு பனியன் கம்பெனிக் குடும்பம். அமைதியாவது ஒன்றாவது.

சாயங்காலம் இருவரும் ஒரு மணல்குன்றின் மேல் ஏறினோம். முட்டி வலித்தது, சொல்லவில்லை. உச்சியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வசந்தா காலை மணலுக்குள் புதைத்து உட்கார்ந்தாள். காற்று வந்தது. மணல் மெல்லிசாகப் புகை போலத் தவழ்ந்து வந்து உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் சரிந்தது. கரும்பலகையில் நான் வரைந்த அதே சரிவு.

"ஜன்னலுக்கு வெளிய நின்னு கேட்டது. இப்ப முன்னால ஒக்காந்து கேக்கறேன், சொல்லுங்க" என்றாள்.

எழுந்து நின்றேன். வகுப்பில் நிற்பது போலத்தான். "காற்று வரும் பக்கம்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன், காற்றில் மணல் அதிகம்.

அவளே சொல்லி முடித்தாள். லேசான சரிவு, தவழுவது, சரிவது, குன்று நகருவது என்று ஒரு வார்த்தை பிசகவில்லை. எந்த மாணவனும் எனக்கு இப்படி ஒப்பித்தது கிடையாது. நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன்.

பொழுது சாய்ந்தது. திரும்பி இறங்கும்போது போனை எடுத்துப் பார்த்தபடி, "ஏனுங்க, சென்னியப்பண்ணன் சொல்றாரு, ஆகாச தோஷம் போயிருச்சாம். ஆனா பனி தோஷம் ஒண்ணு பாக்கியிருக்குதாம். காஷ்மீர்ப் பக்கம் ஒருக்கா போய்ட்டு வந்தாத்தான் செரியாகுமாம்" என்றாள்.

"எப்பச் சொன்னான்?"

"இப்பத்தானுங்க. மெசேஜ் வந்துது."

என் போனையும் எடுத்துப் பார்த்தேன். ஜீப் மணலில் இறங்கியதிலிருந்து இங்கே எந்தப் போனுக்கும் சிக்னல் இல்லை.

போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சாஸ்திரம்னா செஞ்சுதானே ஆகோணும்" என்றேன்.